நாயும் நாமும்

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பது நம் முன்னோர் கண்ட முடிவு. அதை நிமிர்த்த வேண்டியதே இல்லை. அது சொல்லும் செய்தியைப் படிக்கத் தெரிந்தால் போதும். அவ்வளவைக் கற்றுக்கொள்ள நமக்கு ஐந்தாறு மாதங்களும் ஒரு கட்டு விடைத்தாள்களும் செலவாயின.

குழந்தைகளின் நச்சரிப்புத் தாங்காமல், வீட்டில் நாய் வளர்ப்பதென்று தீர்மானமாயிற்று. எந்த ஜாதி என்பதில்தான் விவாதம். மூத்த பையன் படத்தில் கண்ட ஸைபீரிய நாயைக் கேட்டான். பனியின்மேல் வண்டியிழுக்கப் பிறந்த பிராணியைச் சித்திரை வெயிலில் வாட்டுவது பாவம் என்று மறுத்தோம். பெண் ராஜபாளையம் வேண்டுமென்றாள். பால்வெள்ளை மேனியும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட அந்த நாய்க்கு 2005-ஆம் ஆண்டில் இந்தியத் தபால் இலாகா தபால் தலையே வெளியிட்டது. ஆயினும் அது வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட ஜாதி. ஓடித் திரிய இடம் வேண்டும். முயல் துரத்தும் சிப்பிப்பாறைக்கும் அப்படியே. நம் வீட்டு முற்றமோ பத்தடி! நாயின் அழகைப் பார்க்குமுன், அது எந்த வேலைக்காக வளர்க்கப்பட்டது, நம் வீட்டில் அதற்கு இடமுண்டா என்று பார்ப்பதே விவேகம்.

முடிவில், தெருக்கோடியில் ஈன்றிருந்த நாட்டு நாயின் குட்டியொன்றை, எட்டு வாரம் தாயிடம் விட்டுவைத்து, பிறகு எடுத்து வந்தோம். விளையாட்டில் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி தாயிடமும் உடன்பிறந்தவைகளிடமும்தான் கற்கிறது. முன்னதாகப் பிரித்தால் அப்பாடம் தவறிவிடும்.

ஒரு நாள் மாலை எல்லோரும் வீடு திரும்பியபோது, அரைப் பரீட்சை விடைத்தாள்கள் கூடமெங்கும் துண்டு துண்டாய்க் கிடந்தன. நம் முகத்தைக் கண்டதும் குட்டி வாலை இடுக்கிக்கொண்டு பதுங்கிற்று. "செய்த குற்றம் அதற்கே தெரிகிறது!" என்று குடையால் இரண்டு போட்டோம். அன்று முதல் நம் சைக்கிள் மணி கேட்டால் அது கட்டிலுக்கடியில் ஒளியலாயிற்று.

"எப்போதோ கிழித்ததற்கு இப்போது அடித்தால் அதற்கு என்ன தெரியும்? நீங்கள் வந்தால் அடி விழும் என்பது மட்டுந்தான் தெரியும்" என்றாள் நம் இல்லாள்.

அவள் சொன்னதையே விஞ்ஞானமும் சொல்கிறது. 2009-இல் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், விலக்கிய தின்பண்டத்தை வைத்துப் பல நாய்களைச் சோதித்தார். அதைத் தின்றதற்கும் நாயின் 'குற்றவாளி முக'த்துக்கும் சம்பந்தமில்லை; எஜமானர் கடிந்துகொண்டால், தின்னாத நாயும் அதே முகத்தைக் காட்டிற்று. இருபது வருஷம் பையன்களுக்குப் பாடம் சொன்ன நமக்கு, பயத்தையும் குற்ற உணர்ச்சியையும் பிரித்தறியத் தெரியவில்லை!

மறுநாளே முறையை மாற்றினோம். சொன்னபடி செய்த அக்கணமே ஒரு துணுக்கு வேகவைத்த முட்டை. "உட்கார்" என்றால் வீட்டில் எல்லோருக்கும் அதே சொல். பயிற்சி ஒரு வேளைக்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் இல்லை. உண்டதும் உறங்கி எழுந்ததும் வெளியே அழைத்துப் போனோம். விடைத்தாள்கள் அலமாரிக்குள் சென்றன. அது நமக்கான பயிற்சி.

குழந்தைகளும் கற்றார்கள். நாய் உண்ணும்போதும் உறங்கும்போதும் தொடலாகாது. வாலாட்டுவதெல்லாம் மகிழ்ச்சியன்று, விறைத்து உயர்ந்த வால் மெல்ல ஆடினால் அது எச்சரிக்கை. முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் உதட்டை நக்கினாலும் "என்னை விடு" என்று பொருளாகலாம்.

மூன்றாம் மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டோம். மருத்துவர் குறித்த நாளில் மீண்டும் போட வேண்டும். எந்த நாய் கடித்தாலும் பிறாண்டினாலும் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிஷம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுதல் அவசியம்.

இழந்த நம்பிக்கை எளிதில் திரும்பவில்லை. மூன்று மாதம் நம் மணியோசைக்குக் கட்டிலடியே அதற்குப் புகலிடம். சென்ற வாரந்தான் வாசற்படி வரை வந்து நின்றது. வால் சுருண்டுதான் இருந்தது, ஆனால் ஆடிற்று.