ஸ்பீக்கரின் முனகலும் ஒரு மல்டிமீட்டரும்

ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் பாட்டு தொடங்கும் முன்பே ஸ்பீக்கரில் கேட்கும் ‘ம்ம்ம்’ என்ற முனகல் பெரும்பாலும் வீட்டு மின்சாரத்தின் குரல்தான். இந்தியாவில் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மாறுமின்சாரம் வினாடிக்கு 50 சுற்று சுற்றுகிறது. அந்தச் சுற்று எப்படியோ ஒலிப்பாதைக்குள் நுழைந்துவிட்டால் காதுக்குக் கேட்கிறது. நுழைந்த வழியைக் கண்டுபிடிப்பதுதான் பழுது பார்க்கும் வேலையில் முக்கால்வாசி.

முனகலின் சுருதியே முதல் துப்பு. அடித்தொண்டையில் ஆழமாக ஒலித்தால் அது 50 ஹெர்ட்ஸ்: கேபிளின் ஷீல்டு அறுந்திருக்கலாம், டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் ஒயர் ஓடலாம், எர்த் இணைப்பில் கோளாறு இருக்கலாம். அதைவிடச் சற்றுக் கூர்மையாக, வண்டு ரீங்காரம் போல இருந்தால் 100 ஹெர்ட்ஸ். மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் பகுதி ஒவ்வொரு சுற்றையும் இரண்டு மேடுகளாக மாற்றுகிறது. அந்த மேடுபள்ளத்தைச் சமன்செய்யும் பெரிய கெபாசிட்டர்கள் வயதாகி வறண்டுபோனால் ரீங்காரம் வெளியே வருகிறது. தலைப்பகுதி உப்பிய கெபாசிட்டரைக் கண்ணாலேயே அடையாளம் காணலாம். ஆனால் சின்ன ஸ்பீக்கர்களால் 50 ஹெர்ட்ஸைச் சரியாக ஒலிக்க முடியாது என்பதால், அவற்றில் காதை மட்டும் நம்பித் தீர்ப்பு சொல்லக் கூடாது.

அடுத்த சோதனைக்குக் கருவியே தேவையில்லை. வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனாலும் முனகல் அப்படியே இருந்தால், கோளாறு வால்யூம் திருகுக்குப் பிந்தைய பகுதியில், அதாவது ஆம்ப்ளிஃபயரின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. வால்யூமோடு சேர்ந்து ஏறி இறங்கினால் கோளாறு அதற்கு முன்னால். அப்போது உள்ளே வரும் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றியதும் சத்தம் நிற்கிறதோ, அந்தக் கேபிளோ அதன் மறுமுனையில் உள்ள சாதனமோ குற்றவாளி. லேப்டாப்பாக இருந்தால் சார்ஜரை உருவிவிட்டுப் பேட்டரியில் ஓட்டிப் பார்க்கலாம். சத்தம் போய்விட்டால் விஷயம் சார்ஜர் வழியாக வருகிறது.

இங்கேதான் ‘எர்த் லூப்’ வருகிறது. ஆம்ப்ளிஃபயர் ஒரு சுவரின் பிளக் பாயிண்டில், கணினி எதிர்ச் சுவரில். இரண்டுக்கும் மூன்று பின் பிளக். இரண்டு இடத்து எர்த்தும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை. சிறு வித்தியாசம் எப்போதும் உண்டு. நடுவில் ஓடும் ஆடியோ கேபிளின் ஷீல்டு இரண்டு எர்த்துகளையும் கோத்துவிட, அதன் வழியே மெல்லிய மின்னோட்டம் பாய்ந்து பாட்டோடு கலக்கிறது. இரண்டு சாதனங்களையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினாலே பாதி வீடுகளில் தீர்ந்துவிடும். தீராவிட்டால் ஆடியோ கேபிளின் நடுவே சிறிய ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம். டிவியில் ஆப்டிகல் வழி இருந்தால் இன்னும் நல்லது, கண்ணாடி இழைக்கும் பிளாஸ்டிக் இழைக்கும் எர்த் கிடையாது. பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டுச் சத்தம் போய்விட்டது என்று மகிழ்வது மட்டும் கூடவே கூடாது. உள்ளே இன்சுலேஷன் பழுதானால் சாதனத்தின் இரும்புப் பெட்டி முழுவதும் 230 வோல்ட் ஏறி, தொடுபவருக்காகக் காத்திருக்கும்.

எல்லாச் சத்தமும் எர்த்தால் வருவதில்லை. திருகும்போது மட்டும் கரகரத்தால் வால்யூம் திருகில் தூசு; கான்டாக்ட் கிளீனர் போதும். ஃபேனை மெதுவாக வைத்தால் மட்டும் ‘ஸ்ஸ்’ என்று இரைந்தால் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் மின்னலையை வெட்டுகிறது. கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் சத்தம் வந்தால், அது சதுர அலை தரும் பழைய வகை இன்வெர்ட்டராக இருக்கக்கூடும்.

காது காட்டிய இடத்தை உறுதிசெய்ய மல்டிமீட்டர் வேண்டும். வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் ஒரே பெட்டியில் அளக்கும் ஏவோமீட்டர் 1923இல் பிரிட்டனில் சந்தைக்கு வந்தது. அதை உருவாக்கிய டொனால்ட் மெக்காடி அஞ்சல் துறைப் பொறியாளர். இன்று அதன் வாரிசுகள் சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கின்றன. ஆனால் மலிவான மஞ்சள் மீட்டர்கள் பலவற்றில் மாறுமின்சாரத்துக்கு 200, 750 என்று இரண்டே அளவுகள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இருக்க வேண்டிய ஓரிரு வோல்ட்டையோ, ஆடியோ கேபிளில் கலக்கும் மில்லிவோல்ட்டையோ அவை ஒழுங்காகக் காட்டா. அவற்றின் 10 ஆம்பியர் துளைக்குப் பக்கத்தில் ஃப்யூஸ் இல்லை என்றே அச்சிட்டிருக்கும். வீட்டு மின்சாரத்தைத் தொட அவை ஏற்றவை அல்ல.

வாங்கும்போது இலக்கங்களின் எண்ணிக்கையைவிட முன்னால் பார்க்க வேண்டியது, மீட்டரை எந்த இடத்து மின்சாரத்தில் பாதுகாப்பாகப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் ‘கேட்’ (CAT) தரம். பிளக்கில் செருகும் சாதனங்களை அளக்க ‘கேட் 2’ போதும். டிஸ்ட்ரிபியூஷன் போர்டைத் தொடுவதானால் ‘கேட் 3, 600 வோல்ட்’ வேண்டும். மின்னோட்டத் துளைகளுக்கு ஃப்யூஸ், மில்லிவோல்ட் அளவு, பீப் அடிக்கும் தொடர்ச்சிச் சோதனை, கெபாசிட்டர் அளவு ஆகியவை இருக்கட்டும். வீட்டில் சதுர அலை இன்வெர்ட்டர் இருந்தால் ‘ட்ரூ ஆர்எம்எஸ்’ மீட்டர் அவசியம். சாதாரண மீட்டர் அங்கே சுமார் 11 சதவீதம் கூட்டிக் காட்டும்.

பிளக் பாயிண்டில் மூன்று அளவு எடுக்கலாம். பேஸ்–நியூட்ரலும் பேஸ்–எர்த்தும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்; நியூட்ரல்–எர்த் முன்பு சொன்ன ஓரிரு வோல்ட்தான் இருக்க வேண்டும். பேஸ்–எர்த் வெகுவாகக் குறைந்தாலோ ஆடினாலோ எர்த் அறுந்திருக்கிறது. ஆனால் அளவு சரியாக வந்தாலும் எர்த் வலுவானது என்று அர்த்தமில்லை. டிஜிட்டல் மீட்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தையே எடுப்பதால், நலிந்த எர்த்தும் அதற்கு நல்லதாகவே தெரியும். எர்த்தின் தடையை அளக்கத் தனிக் கருவி உண்டு. அந்த வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுவதே சரி.

கடைசியாக ஒன்று: சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் விட்டுவிட்டுச் சுவர் பிளக்கைத் தொட்டால் அது நேரடி ஷார்ட் சர்க்யூட். மீட்டரை எடுக்கும் ஒவ்வொரு முறையும், திருகைப் பார்ப்பதற்கு முன் அந்தத் துளையைப் பாருங்கள்.