புதிய பேலர் வைக்கோலை விட்டுச் செல்கிறதா? மெக்கானிக்கை அழைக்கும் முன் வயலைப் பாருங்கள்

வேளாண்மைப் பொறியியல் துறையில் மானியம் பெற்று, மீதிக்குக் கடனும் வாங்கி எடுத்த வைக்கோல் கட்டும் இயந்திரம் முதல் வயலிலேயே வைக்கோலைக் கீழே விட்டுவிட்டுப் போனால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். "புது மிஷினே ஓட்டை" என்று முடிவு கட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். புதிய பேலரில் இது பெரும்பாலும் உடைசல் அல்ல. உயரம், வேகம், ஈரம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று சரியாக அமையவில்லை என்றுதான் பொருள்.

முதலில், வயலில் மிச்சம் இருப்பது நிற்கும் தாளா, கிடக்கும் வைக்கோலா என்று பாருங்கள். பேலர் எதையும் அறுக்காது. அறுவடை இயந்திரம் தள்ளிவிட்டதை வாரி, சுருட்டி, கயிறு போட்டுக் கட்டுவது மட்டுமே அதன் வேலை. முழங்கால் உயரத்துக்குத் தாளை விட்டு அறுத்திருந்தால் அந்த வைக்கோல் உங்களுக்குக் கிடைக்காது. அதை அறுவடை நாளன்றே அறுவடை இயந்திர டிரைவரிடம் பேசியிருக்க வேண்டும். அதற்காகத் தரையை ஒட்டி அறுக்கச் சொல்வதும் தவறு. அரை அடித் தாள் நின்றால் வைக்கோல் அதன் மேல் கட்டிலில் கிடப்பதுபோல் கிடக்கும். அடியில் காற்று போகும், சீக்கிரம் காயும், பேலருக்கும் வாருவது எளிது.

இனி பேலரை ஐம்பது அடி ஓட்டி நிறுத்திவிட்டு, பின்னால் நடந்து பாருங்கள். வைக்கோல் எந்த விதமாக விடுபட்டிருக்கிறது என்பதிலேயே காரணம் இருக்கும்.

முழு அகலத்துக்கும் மெல்லிய படலமாகக் கிடந்தால் வாரும் பகுதி உயரமாக நிற்கிறது. பேலரைச் சமமான சிமெண்ட் களத்தில் நிறுத்தி, வாரும் பகுதியை இறக்கி, விரல் கம்பிகளின் நுனிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். சுமார் ஒரு அங்குலம் இருக்கலாம். உங்கள் மாடலுக்கான அளவு கையேட்டில் இருந்தால் அதையே வையுங்கள். தாள் நிற்கும் வயலில் இதைவிட உயர்த்தியும் ஓட்டலாம். கம்பி வைக்கோலைத் தொட்டால் போதும், மண்ணைத் தொட வேண்டியதில்லை.

பக்கத்து வயல்காரர் வந்து "இன்னும் இறக்கு, இன்னும் இறக்கு" என்பார். கேட்காதீர்கள். மண்ணைக் கீறும் கம்பி வளையும், பிறகு முறியும். முறிந்த துண்டு வைக்கோலோடு சுருண்டு கட்டுக்குள் போய்விட்டால் அதைத் தின்னப்போவது மாடு. மாடு மென்று பார்க்காமல் விழுங்கும் பிராணி. வயிற்றுக்குள் இறங்கும் கம்பி அங்கிருந்து இதயம் வரை குத்தக்கூடியது. எனவே தினமும் வேலை முடிந்ததும் கம்பிகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அன்று கட்டிய கட்டுகளைத் தனியே வைத்து, பிரித்துப் பார்த்த பிறகே மாட்டுக்குப் போடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் விடுபட்டால் பேலரின் இரண்டு டயர்களிலும் காற்று ஒரே அளவில் இருக்கிறதா, தாங்கு சக்கரங்கள் இரு பக்கமும் ஒரே துளையில் மாட்டப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். வைக்கோல் வரிசை, வாரும் பகுதியை விட அகலமாக இருந்தாலும் ஓரம் நிற்கும். கோடு போட்டதுபோல் ஒல்லியாக, சம இடைவெளியில் விடுபட்டால் அந்த இடத்துக் கம்பி வளைந்திருக்கிறது. லாரியில் ஏற்றி இறக்கும்போதோ வரப்பு ஏறும்போதோ அடிபட்டிருக்கலாம்.

திட்டுத் திட்டாக விடுபடுவதுதான் அதிகம் குழப்பும். கட்டு விழும் இடத்துக்குச் சற்று முன்னால் திட்டு இருந்தால் தவறு டிரைவரிடம். உருளைக் கட்டு போடும் பேலரில் கட்டு நிறைந்து ஒலி வந்ததும் டிராக்டரை நிறுத்த வேண்டும். கயிறு சுற்றும் நேரத்தில் நகர்ந்தால் வைக்கோல் உள்ளே போக இடமில்லை, வெளியேதான் குவியும்.

மற்ற இடங்களில் திட்டு விழுந்தால் வேகத்தைப் பாருங்கள். நம் ஊரில் ஓடும் பேலர்களில் பெரும்பாலானவற்றுக்கு பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்ற வேண்டும். அதற்குரிய இன்ஜின் வேகம் டிராக்டர் மீட்டரிலேயே குறிக்கப்பட்டிருக்கும். வைக்கோல் விடுபடுகிறதே, மெதுவாகப் போகலாம் என்று டிரைவர் ஆக்சிலேட்டரைக் குறைக்கிறார். டிராக்டர் மெதுவாகிறது, கூடவே வாரும் கம்பியும் மெதுவாகிறது. கடைசியில் முன்பு விடுபட்ட அதே அளவுதான் விடுபடும். ஆக்சிலேட்டரைக் குறைக்காமல் கியரைக் குறையுங்கள். அதன் பிறகும் திட்டு விழுந்தால் செயின், பெல்ட் தொய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். புதிய செயின் முதல் சில மணி நேரத்திலேயே கொஞ்சம் நீளும். மறுபடி இறுக்க வேண்டும்.

இயந்திரம் சரியாக இருந்தும் வைக்கோல் ஒத்துழைக்காத நாள் உண்டு. தை மாதக் காலைப் பனியில் நனைந்த வைக்கோல் கம்பியில் சுற்றிக்கொள்ளும். அதைக் கட்டினால் உள்ளே சூடேறிப் பூசணமும் பிடிக்கும். ஒரு கைப்பிடி எடுத்து முறுக்குங்கள். ஒடியாமல் குளிர்ச்சியாக வளைந்தால் வெயில் ஏறட்டும். மாறாக, செயின் டைப் அறுவடை இயந்திரம் நொறுக்கிப் போட்ட குட்டை வைக்கோல் உச்சி வெயிலில் இன்னும் பொடிந்து, கம்பிக்கு இடையே நழுவும். அதை மதியம் கடந்து, சற்றுப் பதம் வந்த பிறகு கட்டுங்கள். சேற்றில் செயின் தடத்தில் அழுந்திய வைக்கோலை மட்டும் விட்டுவிடுங்கள். அது மண்ணோடுதான் வரும்.

சுற்றிக்கொண்ட வைக்கோலை எடுக்க பி.டி.ஓ.வை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியை உங்கள் பையில் போட்ட பிறகே குனியுங்கள். ஓடும் கம்பி வைக்கோலை இழுக்கும் வேகத்துக்குக் கையை எடுக்க நேரம் கிடைக்காது. பி.டி.ஓ. தண்டின் மேலுறையைக் கழற்றிவிட்டு ஓட்டவே கூடாது. வேட்டி, துண்டு கட்டியவர்கள் அருகில் நிற்க வேண்டாம்.

இத்தனையும் பார்த்த பிறகும் விடுபட்டால் டீலரை அழையுங்கள். வயலைக் கலைக்காமல் விடுபட்ட வரிசையை செல்போனில் படம் எடுத்து, எந்த கியர், இன்ஜின் எத்தனை சுற்று, இயந்திரம் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று குறித்து வையுங்கள். உத்தரவாதக் காலத்தில் நீங்களாக வெல்டிங் வைத்துவிடாதீர்கள்.