வெள்ளத்தில் மூழ்கிய சம்பா நெல்லும் உயிரணுவின் சக்திக் கணக்கும்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுப்பது 1962-ல் தொடங்கியது. அந்த நிலக்கரி, ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இங்கு வளர்ந்த காடுகள் வெயிலிலிருந்து சேர்த்து வைத்த சக்தியாகும். நகரியத்தைச் சுற்றி வடலூர், குறிஞ்சிப்பாடி பகுதி வயல்களில் நிற்கும் நெற்பயிரும் இதே வேலையைத்தான் செய்கின்றது. பகலில் வெயிலைக் கொண்டு சர்க்கரையும் மாவுச்சத்தும் தயாரிக்கின்றது. இரவு பகலாக அதைச் சிறுகச் சிறுக எரித்துப் பிழைக்கின்றது.

கொதிகலனில் நிலக்கரி ஒரேயடியாக எரிகின்றது. உயிரணு அப்படி எரித்தால் வெந்து போகும். ஆகவே பல படிகளில், பிராணவாயுவின் துணையுடன் சர்க்கரையைச் சிதைத்து, வெளிப்படும் சக்தியை ஏ.டி.பி. என்னும் பொருளில் ஏற்றி வைக்கின்றது. இது உயிரணுவின் சில்லறைக் காசு எனலாம். வேர் பொட்டாஷை உறிஞ்சவும், இலை நீளவும், தூர் வெடிக்கவும் இந்தக் காசுதான் செலவாகின்றது. ஏ.டி.பி.யில் மூன்று பாஸ்பேட்டுகள் கோத்திருப்பதால், மணிச்சத்து இல்லாமல் இந்தக் காசை அச்சடிக்க முடியாது. அடியுரமாக சூப்பர் பாஸ்பேட் இடச் சொல்வதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

பிராணவாயு இருந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து சுமார் 30 ஏ.டி.பி. கிடைக்கும். (பழைய பாடநூல்களில் 38 என்று இருக்கும்.) பிராணவாயு இல்லாவிட்டால் கிடைப்பது இரண்டே இரண்டு, மீதிச் சக்தி சாராயமாகத் தங்கிவிடும். கள் புளிப்பதும் இவ்வாறுதான்.

நெல் தண்ணீரில் நிற்கும் பயிர்தானே என்று கேட்கலாம். இலை வெளியே இருக்கும்வரை, தண்டிலும் வேரிலும் உள்ள காற்றறைகள் வழியாகப் பிராணவாயு இறங்கிவிடும். நுனி வரை மூழ்கினால்தான் ஆபத்து. நீருக்குள் பிராணவாயு, காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகின்றது. கலங்கல் நீரானால் வெளிச்சமும் புகாது. வரவு அறவே நின்றுவிடும். 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியதை இப்பகுதி விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

மூழ்கிய சாதாரண நெல் மூச்சுக்காக மேலே எழும்ப முயன்று அவசரமாக நீளும். கையிருப்பு மாவுச்சத்து அதிலேயே கரைந்துவிடும். வெள்ளம் வடிந்ததும் பயிர் துவண்டு சாய்வது இதனால்தான். ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தேர்வு செய்யப்பட்ட எப்.ஆர். 13ஏ என்ற ரகமோ வளர்ச்சியை நிறுத்தி, மாவுச்சத்தைச் சிக்கனமாக வைத்துக்கொண்டு காத்திருக்கும். இதற்குக் காரணமான சப்-1ஏ மரபணு 2006-ல் இனங்காணப்பட்டது. அது சேர்க்கப்பட்ட ‘சி.ஆர். 1009 சப் 1’ ரகம் இரண்டு வாரம் வரை மூழ்கலைத் தாங்கும். ஐப்பசி, கார்த்திகையில் தவறாமல் மூழ்கும் தாழ்நிலங்களில் பழைய சி.ஆர். 1009-க்குப் பதிலாக இதைப் பயிரிடுவதே உசிதம். ஆனால் வாரக்கணக்கில் தேங்கும் ஆழ்நீருக்கு இதுவும் ஈடுகொடுக்காது.

மூழ்கிய வயலில் நீரை வடித்த அன்றே யூரியா வீசும் வழக்கம் பலரிடம் உண்டு. சக்தியற்ற வேர் அதை எடுத்துக்கொள்ளாது; பணம் வாய்க்காலில் போகும். சில செடிகளைப் பிடுங்கிப் பார்த்து, வெள்ளை வேரும் புதுத் துளிரும் கண்ட பிறகே உரமிட வேண்டும். அதற்கு முன், இலை வழி ஊட்டமாக ஏக்கருக்கு 2 கிலோ யூரியாவும் 1 கிலோ துத்தநாக சல்பேட்டும் 200 லிட்டர் நீரில் கரைத்துத் தெளிக்கலாம். தூர் கட்டும் பருவப் பயிர் தேறியதும், ஏக்கருக்கு யூரியா 22 கிலோ, ஜிப்சம் 18 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 4 கிலோ கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இட வேண்டும்.