தயிரும் பழமும் அடுக்கடுக்காக

மாலையில் கடைக்கு வரும் தாய்மார்கள், "பார்ஃபே செய்ய என்னென்ன வேண்டும்?" என்று கேட்கிறார்கள். தெரியாது என்று நாம் கைவிரித்தால், அடுத்த முறை முழுப் பட்டியலோடு பெரிய அங்காடிக்குப் போய்விடுவார்கள். ஆகவே விவரம் அறிந்திருப்பது நல்லது.

பார்ஃபே என்பது பிரெஞ்சுச் சொல்; 'குறைவற்றது' என்று பொருள். கண்ணாடித் தம்ளரில் கெட்டித் தயிரையும் பழத்தையும் மாற்றி மாற்றி அடுக்குவதே செய்முறை.

அரை லிட்டர் புளிக்காத தயிரை மெல்லிய துணியில் கட்டி, ஃபிரிட்ஜில் 3 மணி நேரம் வடியவிட வேண்டும். தண்ணீர் நின்றால் அடுக்கு கலைந்துவிடும். வடிந்த தயிரில் 2 கரண்டி தேன் கலக்கவும். மாதுளை, மாம்பழம், வாழை எதுவும் ஆகும். வாழைத் துண்டுகளை எலுமிச்சைச் சாற்றில் புரட்டினால் சீக்கிரம் கறுக்காது.

பச்சை அன்னாசி மட்டும் கூடாது. நம் வீட்டில் போட்டு, தயிர் கசந்து, அத்தனையும் கொட்டினோம். அதிலுள்ள என்சைம் பால் புரதத்தைச் சிதைப்பதே காரணம். சர்க்கரையோடு வேகவைத்து, ஆறிய பின் சேர்க்கலாம்.

வறுத்த மெல்லிசு அவலையும் நிலக்கடலையையும் உண்ணும்போதுதான் மேலே தூவ வேண்டும். முன்பே போட்டால் ஊறிவிடும்.

தேன், அவல், கடலை, உலர் திராட்சை எல்லாம் நம் அலமாரியில் உள்ளவையே. கேட்பவருக்கு முறையைச் சொல்லி எடுத்துக் கொடுப்போம். கடையிலேயே செய்து விற்க நினைப்போர், 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பெற்ற பதிவோ உரிமமோ இதற்கும் பொருந்துமா என்று பார்த்த பிறகே இறங்க வேண்டும்.