நான்கு வரியில் எண்ணற்ற எண்கள்

ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வர்க்கத்தோடு அதே எண்ணையும், பிறகு 41-ஐயும் கூட்டுங்கள். 0-இல் தொடங்கினால் 41 கிடைக்கும். 1-க்கு 43, 2-க்கு 47, 3-க்கு 53. எல்லாமே பகா எண்கள். தாவிப் போய் 10-ஐப் போட்டால் 151, 20-க்கு 461, 30-க்கு 971. இவையும் பகா எண்கள்தான். கணித மேதை ஆய்லர் 1772-இல் எடுத்துக்காட்டிய கோவை இது. 0 முதல் 39 வரை 40 எண்களையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தாலும் ஒன்றுகூடப் பிசகாது. இத்தனை முறை சரியாக வந்த ஒன்றை யாரும் நம்பத்தான் செய்வார்கள். ஆனால் 40-ஐப் போட்டதும் 1681 வருகிறது. அது 41-ஐ 41-ஆல் பெருக்கி வரும் எண். பகா எண் அல்ல.

இன்னும் கொஞ்சம் பொறுமையாகச் சோதித்தால் போதும் என்று தோன்றலாம். 1919-இல் ஜார்ஜ் போல்யா கேட்ட ஒரு கேள்வி அந்த நம்பிக்கையையும் தகர்த்துவிடுகிறது. 1-ஐவிடப் பெரிய எந்த முழு எண்ணையும் பகாக் காரணிகளாகப் பிரிக்கலாம். 12 என்பது 2 × 2 × 3. காரணிகள் மூன்று, ஒற்றைப்படை. 10 என்பது 2 × 5. காரணிகள் இரண்டு, இரட்டைப்படை. பகாக் காரணியே இல்லாத 1-ஐ இரட்டை வகையில் சேர்த்துக்கொள்வோம். 1-இல் தொடங்கி, 2-லோ அதற்கு மேற்பட்ட எந்த எண்ணிலோ நிறுத்திக் கணக்கெடுத்தாலும் இரட்டை வகை எண்கள் ஒற்றை வகையை மிஞ்சுவதில்லை என்று போல்யா கவனித்தார். எப்போதும் அப்படித்தான் இருக்குமா? 1958-இல் ஹேசல்குரோவ் என்ற பிரிட்டிஷ் கணிதவியலாளர் அது பொய் என்று நிறுவினார். முதன்முதலாக அது தவறும் இடத்தை 1980-இல் ஜப்பானின் மினோரு தனாகா கண்டுபிடித்தார். அந்த இடம் 90,61,50,257. தொண்ணூறு கோடி எண்கள் வரை சரியாக இருந்த ஒன்று, அதன் பிறகு பொய்யாகிவிட்டது.

எண்களுக்கு முடிவில்லை. நம் ஆயுளுக்கு முடிவுண்டு. கணினியின் வேகத்துக்கும் எல்லையுண்டு. ஆகவே எத்தனை கோடி முறை சோதித்தாலும், ‘எல்லா எண்களுக்கும்’ என்று சொல்லும் உரிமையைச் சோதனை தராது. அந்த உரிமையைத் தருவது நிரூபணம் ஒன்றுதான். கல்லூரியில் கணிதம் எடுக்கும் மாணவர் முதலாண்டில் அதைத்தான் எழுதக் கற்கிறார்.

பள்ளியில் கணக்கு என்றால் விடை காண்பது. வடிவியலில் தேற்றங்கள் வரும். கொடுக்கப்பட்டது, நிரூபிக்க வேண்டியது, அமைப்பு, நிரூபணம் என்று தலைப்புகளோடு மனப்பாடம் செய்து எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். கல்லூரியிலோ மாணவர் அதுவரை பார்த்திராத கூற்றைக் கொடுத்து, ‘நிறுவுக’ என்கிறார்கள். பெருக்கவோ சமன்பாட்டைத் தீர்க்கவோ எதுவும் இல்லை. வெற்றுத்தாள் எதிரே இருக்கிறது. வாக்கியங்கள் எழுத வேண்டும்.

மிக எளிய ஒன்றைப் பார்ப்போம். ‘இரண்டு ஒற்றை எண்களின் கூடுதல் இரட்டை எண்.’ இது எல்லாருக்கும் தெரிந்ததே. புதிதாக வந்த மாணவர் பெரும்பாலும் 3 + 5 = 8, 7 + 9 = 16 என்று எழுதி, ‘இவ்வாறே எல்லாவற்றுக்கும்’ என்று முடிப்பார். ஆய்லரின் கோவை ஏமாற்றிய இடம் இதுதான் என்று சொன்னதும் அடுத்த முயற்சி வரும். ஒற்றை எண் என்றால் என்ன? ஒரு முழு எண்ணின் இருமடங்கைவிட ஒன்று கூடுதலான எண். எனவே 2க + 1. இரண்டு ஒற்றை எண்களைக் கூட்டினால் (2க + 1) + (2க + 1) = 4க + 2. இது 2-ஆல் வகுபடும். முடிந்தது.

முடியவில்லை. இரண்டு எண்களுக்கும் ஒரே ‘க’-வைப் போட்டதால் இரண்டும் ஒரே எண்ணாகிவிட்டன. 3-ஐயும் 3-ஐயும், 7-ஐயும் 7-ஐயும் கூட்டினால் இரட்டை எண் வரும் என்பதைத்தான் இந்த மாணவர் நிறுவியிருக்கிறார். 3-ஐயும் 5-ஐயும் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. முதலாண்டு விடைத்தாள்களில் திரும்பத் திரும்பக் காணும் பிழை இது. திருத்தி எழுதினால் நான்கு வரி வரும்:

அ, ஆ என்பன ஏதேனும் இரண்டு ஒற்றை எண்கள் என்க.
ஒற்றை எண்ணின் வரையறைப்படி, அ = 2க + 1, ஆ = 2ச + 1 என்றவாறு க, ச என்னும் முழு எண்கள் உண்டு.
ஆகவே அ + ஆ = 2க + 2ச + 2 = 2(க + ச + 1).
க + ச + 1 ஒரு முழு எண் என்பதால், அ + ஆ இரட்டை எண்.

முதல் வரியை நிதானமாகப் படியுங்கள். எந்த எண்கள் என்று அது சொல்லவில்லை. 3-ஆக இருக்கலாம், இதுவரை யாரும் எழுதிப் பார்க்காத ஆயிரம் இலக்க எண்ணாகவும் இருக்கலாம். அவை ஒற்றை எண்கள் என்பதைத் தவிர வேறு எதையும் அடுத்த மூன்று வரிகளும் பயன்படுத்தவில்லை. அதனாலேயே அவை எல்லா ஒற்றை எண்களுக்கும் பொருந்துகின்றன. முடிவே இல்லாத ஒரு கூட்டம் நான்கு வரிக்குள் அடங்குவது இப்படித்தான். தொண்ணூறு கோடி சோதனைகள் தராத உறுதியை இந்த நான்கு வரிகள் தந்துவிடுகின்றன. கணிதம் மனிதருக்குக் கொடுத்த கொடைகளில் இதைவிடப் பெரியது ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் கலையில் மாணவர் தடுமாறும் இரண்டாவது இடம், எந்தத் திசையில் எழுதுவது என்பது. ‘அ² + ஆ² எப்போதும் 2 × அ × ஆ-வைவிடக் குறையாது என நிறுவுக.’ மாணவர் இந்தக் கூற்றையே முதல் வரியில் எழுதுவார். எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவருவார். (அ − ஆ)² ≥ 0 என்று வரும். வர்க்கம் ஒருபோதும் குறை எண் ஆகாது, அது உண்மை. எனவே கூற்றும் உண்மை என்று முடிப்பார். இதே வழியில் −1 = 1 என்பதையும் நிறுவிவிடலாம்: இருபுறமும் வர்க்கப்படுத்தினால் 1 = 1; அது உண்மை; ஆகவே −1 = 1! நிறுவ வேண்டியதில் தொடங்கி உண்மையில் முடிவது நிரூபணம் ஆகாது. உண்மையில் தொடங்கி, நிறுவ வேண்டியதில் முடிய வேண்டும்.

அப்படியானால் மாணவர் போட்ட கணக்கு வீணா? இல்லை. அதை அப்படியே தலைகீழாக எழுதினால் போதும். எந்த அ, ஆ எடுத்தாலும் (அ − ஆ)² ≥ 0. விரித்தால் அ² − 2 × அ × ஆ + ஆ² ≥ 0. எனவே அ² + ஆ² ≥ 2 × அ × ஆ. இப்போது ஒவ்வொரு வரியும் அதற்கு முந்தைய வரியிலிருந்து பிறக்கிறது. வழியைக் கண்டுபிடிக்கும்போது முடிவிலிருந்து பின்னோக்கி வரலாம், படம் வரையலாம், ஊகிக்கலாம், கிறுக்கலாம். எழுதும்போது மட்டும், படிப்பவர் எந்த வரியிலும் ‘இது எங்கிருந்து வந்தது?’ என்று கேட்க இடம் வைக்கக் கூடாது. பாடநூலில் உள்ள நிரூபணம் வானத்திலிருந்து விழுந்ததுபோல் தெரிவதற்குக் காரணமும் இதுவே. கண்டுபிடித்தவரின் கிறுக்கல் தாள் நூலில் அச்சாவதில்லை.

மூன்றாவது, கூற்றின் அமைப்பைக் கவனிப்பது. ‘ஒவ்வோர் எண்ணுக்கும் அதைவிடப் பெரிய எண் ஒன்று உண்டு’ என்பது உண்மை. ஒன்றைக் கூட்டினால் போயிற்று. ‘எல்லா எண்களையும்விடப் பெரிய எண் ஒன்று உண்டு’ என்பது பொய். முதலாவதில் நீங்கள் ஓர் எண்ணைச் சொன்ன பிறகே நான் என் எண்ணைத் தேர்கிறேன். இரண்டாவதில் நான் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். யார் முதலில் தேர்வது என்ற இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டுவிட்டால், பகுவியலில் மாணவர்களை அச்சுறுத்தும் எல்லை, தொடர்ச்சி ஆகியவற்றின் வரையறைகளும் பிடிபடும்.

தொகுத்தறிதல் முறையிலும் இப்படி ஒரு கண்ணி உண்டு. 1 முதல் ந வரையிலான எண்களின் கூடுதல் ந(ந + 1)/2 என்பது பள்ளியிலேயே படித்தது. அதோடு 7-ஐச் சேர்த்து ஒரு பொய்யான சூத்திரம் எழுதுங்கள். ஓர் எண்ணுக்கு அது உண்மை என்று கொண்டால் அடுத்த எண்ணுக்கும் உண்மை என்று குறையில்லாமல் நிறுவிவிடலாம். ஆனால் முதல் எண்ணுக்குப் போட்டால் 1 = 8 என்று வரும். சடங்குபோல எழுதிவிட்டுத் தாண்டும் அந்த முதல் படிதான் இங்கே மெய்யையும் பொய்யையும் பிரிக்கிறது.

இவற்றோடு யூக்ளிடைச் சந்திக்கலாம். பகா எண்களுக்கு முடிவில்லை என்ற அவரது நிரூபணம் 2,300 ஆண்டுப் பழமை கொண்டது. ‘எலிமெண்ட்ஸ்’ நூலின் ஒன்பதாம் பாகத்தில் இருக்கிறது. பகா எண்களின் ஏதேனும் ஒரு முடிவுள்ள பட்டியலைக் கொடுங்கள். அவை எல்லாவற்றையும் பெருக்கி 1-ஐக் கூட்டுவோம். வரும் எண்ணைப் பட்டியலில் உள்ள எதனால் வகுத்தாலும் மீதி 1. ஆனால் 1-ஐவிடப் பெரிய எந்த எண்ணையும் ஏதாவது ஒரு பகா எண் வகுத்தே தீரும். அந்தப் பகா எண் உங்கள் பட்டியலில் இல்லை. ஆகவே எந்தப் பட்டியலும் முழுமையானது அல்ல. இங்கே பலர், பெருக்கி ஒன்றைக் கூட்டிய எண்ணே பகா எண் என்று எழுதிவிடுகிறார்கள். 2 × 3 × 5 × 7 × 11 × 13 + 1 = 30,031; அது 59 × 509. யூக்ளிட் சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாகப் படித்ததால் வரும் பிழை இது.

ராமானுஜன் நிரூபணம் எழுதியா மேதை ஆனார் என்று கேட்பவர்கள் உண்டு. அவர் இளமையில் கரைத்துக் குடித்த கார் என்பவரின் நூலில் ஆயிரக்கணக்கான முடிவுகள் இருந்தன; முழு நிரூபணங்கள் அரிது. அதே பாணியில்தான் அவரும் தம் நோட்டுப் புத்தகங்களை நிரப்பினார். 1913 ஜனவரியில் சென்னையிலிருந்து அவர் அனுப்பிய கடிதத்தைப் படித்து வியந்த கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டி, பதிலில் வலியுறுத்திக் கேட்டது நிரூபணங்களைத்தான். கேட்டதற்குக் காரணம் இருந்தது. பகா எண்களின் எண்ணிக்கை பற்றி ராமானுஜன் எழுதிய சூத்திரம் அவர் நம்பிய அளவுக்குத் துல்லியமானதல்ல என்று பின்னர் தெரியவந்தது. எண் பிரிவினைகளைப் பற்றி 1918-இல் ஹார்டியோடு சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரையிலோ உள்ளுணர்வும் நிரூபணமும் கைகோத்து நிற்கின்றன. உள்ளுணர்வு எங்கே தேட வேண்டும் என்று காட்டும். கண்டது மெய்யா என்பதை நிரூபணம் சொல்லும். ராமானுஜனுக்கே இரண்டும் தேவைப்பட்டன.

பெரியவர்களும் இதில் தப்புவதில்லை. பெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிறுவிவிட்டதாக 1993 ஜூனில் கணிதவியலாளர் ஆண்ட்ரு வைல்ஸ் கேம்பிரிட்ஜில் அறிவித்தார். சரிபார்த்தவர்களின் கேள்விகள் ஓர் இடத்தில் விரிசலைக் காட்டின. ரிச்சர்ட் டெய்லரின் துணையோடு 1994 செப்டம்பரில் அவர் அதைச் சரிசெய்தார். 1995-இல் கட்டுரைகள் வெளிவந்தன. முதலாண்டு மாணவரின் தாளில் ஆசிரியர் ‘ஏன்?’ என்று சிவப்பு மையில் எழுதுவதும் வைல்ஸிடம் கேட்கப்பட்டதும் ஒரே கேள்விதான். கணிதத்தில் ஆளைப் பார்த்து வரியை ஏற்பதில்லை.

இவ்வளவும் வாக்கியங்களில் நடப்பது. கேரளத்தின் ஜ்யேஷ்டதேவர் 1530-ஐ ஒட்டி எழுதிய ‘யுக்திபாஷா’, பை (π) என்ற எண்ணின் மதிப்பைத் தரும் முடிவிலாத் தொடர் எப்படி வருகிறது என்பதை மலையாள உரைநடையில் படிப்படியாக விளக்குகிறது. தாய்மொழி உரைநடை அத்தனை நுட்பமான வாதத்தையும் தாங்கியது. தமிழ்வழியில் படித்து, கல்லூரியில் ஆங்கில நூல்களின் முன் திகைத்து நிற்கும் மாணவர் இதை நினைவில் கொள்ளலாம். புரியாத நிரூபணத்தை மனப்பாடம் செய்யாதீர்கள். நூலை மூடிவைத்து, அதையே தமிழில் முழு வாக்கியங்களாக எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் ‘ஏன்?’ என்று நீங்களே கேளுங்கள். பதில் வராத வரிதான் உங்களுக்கு இன்னும் புரியாத வரி. பிறகு அதை ஒரு நண்பரிடம் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். ஆசிரியர்களும், நெட்டுருப் போட்ட பத்துத் தேற்றங்களைவிட மாணவர் தாமே எழுதிய ஒரு நிரூபணத்துக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுக்கட்டும்.