பீப் சத்தத்துக்குப் பின்னால் ஒரு வாசகர்

வாக்குச்சாவடியில் அட்டை மறைப்புக்குப் பின்னால் நின்று நீல பட்டனை அழுத்துகிறோம். சின்னத்துக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது. அதிகாரியின் மேஜையிலிருந்து நீளமாக ஒரு ‘பீப்’. அது காதில் விழுந்த பிறகுதான் நம் கால் நகர்கிறது. ‘ஓட்டு விழுந்துவிட்டது, போகலாம்’ என்று இயந்திரம் சொல்லும் பதில் அது.

இந்த இயந்திரத்துக்கு பெங்களூரு ஜாலஹள்ளியில் ஒரு தமிழ் முகம் உண்டு. அங்குள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றிய பொறியாளர் எஸ்.ரங்கராஜன், மனைவியின் பெயரில் எழுதிய சுஜாதா. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியலும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸும் படித்தவர். விமானப் போக்குவரத்துத் துறையில் வேலை பார்த்துவிட்டு பெங்களூருக்கு வந்தார். தமிழர்களுக்கு கம்ப்யூட்டரைச் சொல்லிக்கொடுத்தவர் என்று அவரைப் புகழ்வார்கள். சரிதான். ஆனால், அவரைச் சொல்ல வைத்தவர்கள் வாசகர்கள்.

கேட்டால்தான் பாடம்

ஜூனியர் விகடனில் வந்த ‘ஏன்? எதற்கு? எப்படி?’ பகுதியை நினைத்துப் பாருங்கள். வாசகர் கேட்பார், சுஜாதா பதில் சொல்வார். பாடப்புத்தகத்துக்கு அத்தியாய வரிசை உண்டு. தபாலில் வரும் கேள்விக்கு அது கிடையாது. நமக்குத் தெரிந்ததை எழுதுவது சுலபம். அடுத்தவர் கேட்டதற்கு எழுத உட்கார்ந்தால்தான், நமக்கு எவ்வளவு அரைகுறையாகத் தெரியும் என்பது தெரியவரும். பொறியாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பாஷை அங்கே செல்லாது. ‘சிலிக்கன் சில்லுப் புரட்சி’ என்று புத்தகத்துக்குப் பெயர் வைக்கும்போது, ‘சிப்’ நம் வீட்டுச் ‘சில்லு’ ஆகிவிடுகிறது.

தபால் எப்போதும் பாராட்டையே கொண்டுவராது. 1857 கிளர்ச்சியைப் பின்னணியாக வைத்து அவர் குமுதத்தில் தொடங்கிய ‘கறுப்பு சிகப்பு வெளுப்பு’ தொடர், எதிர்ப்பு கிளம்பியதால் பாதியில் நின்றது. பிறகு ‘ரத்தம் ஒரே நிறம்’ என்ற பெயரில் மறுபடி எழுதினார். பெயர்தான் மாறியது; கதையை அவர் கைவிடவில்லை.

இயந்திரத்துக்கு வந்த ஆட்சேபம்

மின்னணு வாக்குப்பதிவு இயந்திரமும் ஆட்சேபங்களைச் சந்தித்தே வளர்ந்தது. 1982-ல் கேரளத்தின் பறவூர் சட்டமன்றத் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் அது முதன்முதலாக வந்தது. வெற்றி வித்தியாசம் வெறும் 123 ஓட்டு. தோற்றவர் வழக்குப் போட்டார். ‘ஓட்டுப் போட இயந்திரத்தைப் பயன்படுத்தலாம் என்று சட்டத்தில் எங்கே இருக்கிறது?’ என்பதுதான் கேள்வி. எங்கும் இல்லை. 1984-ல் உச்ச நீதிமன்றம் அந்த 50 சாவடிகளிலும் சீட்டு முறையில் மறுதேர்தல் நடத்தச் சொன்னது. இம்முறை வழக்குப் போட்டவர் ஜெயித்தார். 1988-ல் சட்டம் திருத்தப்பட்டது. நாடு முழுவதும் மக்களவைத் தேர்தல் இயந்திரத்திலேயே நடந்தது 2004-ல்தான்.

சுஜாதா 2008 பிப்ரவரி 27 அன்று காலமானார். இயந்திரத்தின் மீதான சந்தேகம் அதோடு ஓயவில்லை. ‘பீப் கேட்டது. ஆனால் நான் அழுத்திய சின்னத்துக்குத்தான் விழுந்ததா?’ சிவப்பு விளக்காலும் சத்தத்தாலும் இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. 2013-ல் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் இயந்திரத்தோடு ஒரு சின்ன பிரிண்டரும் வந்து உட்கார்ந்தது. ஓட்டுப் போட்டதும் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சீட்டு 7 விநாடி தெரியும். பிறகு அறுந்து பெட்டிக்குள் விழும். ‘வேண்டவே வேண்டாம்’ என்று ஒதுக்கிய காகிதத்தை, கேள்வி கேட்டவருக்காக இயந்திரம் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது.

பெங்களூரில் இன்று மென்பொருள் எழுதுகிறவர்களும், அதை நாலு பேருக்குப் புரியும்படி எழுத நினைக்கிறவர்களும் அந்தச் சீட்டை ஒருமுறை உற்றுப் பார்க்கலாம். வரிசை எண், வேட்பாளர் பெயர், சின்னம். மூன்றே விஷயம். உள்ளே இருக்கும் சில்லைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. கேட்டவர் அதைக் கேட்கவில்லை.