ஆழ்கிணறும் அவசரமும்

குடாநாட்டில் கிணறு வெட்டிய எவரும் சுண்ணாம்புக்கல்லின் குணத்தை அறிவர். சில அடிகள் இலகுவாக இறங்கும் வேலை, வயிரமான கல் தட்டுப்பட்டதும் நாட்கணக்கில் தடைப்பட்டுவிடும். மன்னார்க் கடலடியில் எரிவாயு தேடுவோருக்கும் இதுவே பெருஞ்சிக்கலாக உள்ளது.

2011ஆம் ஆண்டு கெயின் லங்கா நிறுவனம், 'சிக்கியு' என்னும் ஜப்பானியத் துளையிடும் கப்பலைக் கொண்டு, மன்னார்ப் படுகையின் டொராடோ, பராகுடா ஆகிய கிணறுகளில் எரிவாயுவைக் கண்டறிந்தது. பராகுடாவில் கடலின் ஆழமே ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர். கிணற்றின் மொத்த ஆழம் 4,700 மீற்றருக்கும் அதிகம். மணற்கல் அடுக்குகளுக்கிடையே எரிமலைப் பாறையும் அங்கு காணப்பட்டது.

இத்தகைய பாறையில் துளைமுனை விரைவில் தேய்ந்துவிடும். அதை மாற்றுவதற்குப் பல கிலோமீற்றர் நீளமான குழாய்த் தொடர் முழுவதையும் பகுதி பகுதியாகக் கழற்றி மேலெடுத்து, மீண்டும் பூட்டி இறக்க வேண்டும். அவ்வேளையில் கிணறு ஓரங்குலமும் ஆழமாவதில்லை. கப்பலுக்கான பெரும் நாள்வாடகையோ நிற்பதில்லை.

ஆகவே, பாறைக்கேற்ற முனையைத் தெரிவதே வேகத்தின் முதற்படியாகும். பற்களுடைய உருளைகள் சுழலும் பழைய வகை முனை, பாறையை நசுக்கி உடைக்கிறது. செயற்கை வைரத் தகடுகள் பதித்த முனை, பாறையைச் சீவியெடுத்து விரைந்து முன்னேறுகிறது. ஆயினும், மென்பாறையிலிருந்து திடீரென வன்பாறையில் மோதினால் அத்தகடுகள் சிதறக்கூடும். எனவே, பாறை மாறவிருக்கும் இடத்தை முன்னறிந்து, முனையின் மீதான பாரத்தையும் சுழற்சியையும் சீர்செய்ய வேண்டியுள்ளது.

அடுத்தது, குழாய் வழியே செலுத்தப்படும் சேற்றுக் கலவை. உடைந்த துகள்களை மேலே கொண்டுவருவதோடு, நிலத்தடி வாயுவின் அமுக்கத்தைத் தடுத்து நிறுத்துவதும் அதுவே. அதன் அடர்த்தி கூடினால் துளையிடும் வேகம் குறையும். குறைத்தால் வேகம் கூடும். ஆனால் எல்லை மீறிக் குறைந்தால் வாயு கட்டுக்கடங்காமல் பீறிட்டெழலாம்.

கால அட்டவணையில் பின்தங்கியிருந்த மெக்சிக்கோ வளைகுடாவின் மக்கொண்டோ கிணற்றில், 2010 ஏப்ரல் 20ஆம் திகதி ஏற்பட்ட வெடிப்பு 11 தொழிலாளரைப் பலிகொண்டது. ஏறக்குறைய மூன்று மாதங்கள் எண்ணெய் கடலிற் கலந்தது. நேரத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்த எடுக்கப்பட்ட முடிவுகளே ஆபத்தை அதிகரித்தன என்பது விசாரணைகளில் வெளிப்பட்டது.

மன்னார் எரிவாயு இன்னும் வெளியே எடுக்கப்படவில்லை. எரிபொருளுக்காக அந்நியச் செலாவணியைக் கொட்டும் நாட்டுக்கு அது தேவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதே கடலை நம்பியே தமிழ், முஸ்லிம் மீனவக் குடும்பங்களின் அடுப்புகளும் எரிகின்றன. இனி உரிமம் வழங்குகையில், முந்திய கிணறுகளின் பாறைத் தரவுகளை முழுமையாக ஆராய்வதும், ஆபத்து வேளையில் கிணற்றை மூடும் ஏற்பாடும், மீனவருக்கான இழப்பீடும் கட்டாய நிபந்தனைகளாக்கப்பட வேண்டும். பாறையை அறிந்து பெறும் வேகம் நாட்டுக்கு இலாபம். பாதுகாப்பைக் குறைத்துப் பெறும் வேகத்துக்கு விலை கொடுக்கப்போவது கரையோர மக்களே.